கயிறு என் கையில் இருந்த தெரு

காற்றுக்கு மறுநாள்

காலையில் ஷெட்டுக்குப் போனதுமே சூப்பர்வைசர், "எல்லாரும் லாரியில ஏறுங்க, நாஸ்தா அப்பால துன்னலாம்" என்றார். முந்தின நாள் காற்றில் கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு தெருவில் மயில்கொன்றை மரம் வேரோடு சாய்ந்துவிட்டது. நாங்கள் மரப் பராமரிப்பு காண்ட்ராக்டில் வேலை செய்கிற கேங். கன்று நடுவது, தண்ணீர் ஊற்றுவது, கிளை கழிப்பது, விழுந்ததை அறுத்து அள்ளுவது எல்லாம் எங்கள் வேலை.

மரம் ஒரு ஸ்கூட்டரின் மேல் கிடந்தது. அந்தத் தெருவின் குடியிருப்போர் சங்கத் தலைவருடைய மருமகளின் ஸ்கூட்டர் அது. அந்தப் பெண் வண்டியை நிறுத்திவிட்டு வாசலில் கால் வைத்ததும் மரம் விழுந்திருக்கிறது. தலைவர் பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். நடந்ததைச் சொல்லும்போது, மருமகள் கால் வைத்த வாசற்படியைத் திரும்பத் திரும்பக் காட்டினார். அவருடைய பயம் பொய்யில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அறுத்து ஏற்றும்போது அடி வேரைப் பார்த்தோம். மழைநீர்க் கால்வாய் தோண்டியபோது ஜேசிபி ஒரு பக்கத்து வேரை மொத்தமாக நறுக்கிவிட்டிருந்தது. நிற்கப் பிடிப்பில்லாத மரம், காற்றடித்ததும் விழுந்துவிட்டது.

எதிர்ச்சாரியில் புங்க மரங்கள் வரிசையாக நின்றன. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் எங்கள் கேங் நட்டவை. அந்தப் பக்கம் கால்வாய் போகவில்லை. வேரெல்லாம் முழுசாக இருந்தது. ஆனால் நடைபாதைக்கு பேவர் பிளாக் பதித்தவர்கள் அடிமரம் வரைக்கும் சிமென்ட் பூசி மூடிவிட்டிருந்தார்கள்.

தலைவர் அந்த வரிசையைக் கையால் காட்டினார். "அதுங்களையும் எடுத்துடுங்க. எல்லாத்தையும். இன்னைக்கே எடுக்கணும்."

சூப்பர்வைசர் யாருக்கோ போன் போட்டார். மேலே சரி என்று சொல்லிவிட்டார்கள். எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏழுமல, ஏறு. எஸ்தரு, கயித்த எடு."

குரல் கொடுப்பது

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மேலே ஏறுகிற ஆளுக்குக் கீழே இருப்பது தெரியாது. இலை மறைக்கும், கரண்டுக் கம்பி மறைக்கும், யார் நடந்து போகிறார்கள் என்பதும் தெரியாது. வெட்டுகிற கிளையில் கயிறு கட்டி, அதன் மறுமுனையைப் பக்கத்து மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே ஒருவர் பிடித்திருப்பார். கம்பியில் படாமல், சுவரில் படாமல் கிளையை இறக்குவது அவர்தான். அவர் குரல் கொடுக்காமல் மேலே இருப்பவர் ரம்பத்தை வைக்கக்கூடாது. சூப்பர்வைசர் சொன்னாலும் கூடாது. உயிர் போகிற விஷயம்.

எங்கள் கேங்கில் கயிறு பிடிப்பது நான். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். சர்ச்சில் வேதபாடம் வாசிக்கக் கூப்பிட்டால்கூட எழுந்து போகமாட்டேன், நாலு பேர் பார்த்தால் குரலே எழும்பாது. மரத்தடியில் மட்டும் என் குரல் தெரு முனைவரை கேட்கும்.

ஏழுமலை ஏறிவிட்டான். கிளையில் கயிற்றைக் கட்டி முனையைக் கீழே போட்டான். நான் எடுத்தேன். எடுத்துச் சுருட்டிக் கீழே வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"எஸ்தரு! இன்னா, தூங்கினுகீறியா? கொரலு குடு!" என்று ஏழுமலை மேலிருந்து கத்தினான்.

நான் கொடுக்கவில்லை.

"யக்கா, மேல செவ்வெறும்பு புடுங்குது. சீக்கிரம்!"

சூப்பர்வைசர் என் பக்கத்தில் வந்தார். "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தான் கீறேன் சார். கொரலு குடுக்கமாட்டேன்."

"ஏன்?"

"இது வுழுற மரம் இல்ல சார்."

"அத நீ சொல்றியா? நாளைக்கு வேல வேணுமா, வேணாமா?"

"வேணும் சார்."

"அப்ப கயித்தப் புடி."

"அது மட்டும் மாட்டேன் சார்."

இதைச் சொல்லும்போது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பைத்தான் பார்த்தேன். ஆனால் எழுந்திருக்கவில்லை.

அவர் லாரி டிரைவர் பாபுவைக் கூப்பிட்டு என்னிடமிருந்து கயிற்றை வாங்கச் சொன்னார். பாபு வருவதற்குள் மேலிருந்து சத்தம் வந்தது.

"அவன் கையிலியா? போன வாரம் லாரிய ரிவர்ஸ் எடுக்கத் தெரியாம செவுத்துல வுட்டவன் அவன். நான் வுழுந்து செத்தா என் பொண்டாட்டிக்கு நீயா சார் சோறு ஆக்கிப் போடுவ?"

"உன்ன இன்னாடா பண்ணேன் நானு?" என்று பாபு கோபித்துக்கொண்டு லாரிக்கே திரும்பிவிட்டான்.

ஏழுமலை இறங்கினான். என் பக்கம் நிற்கிறான் என்று நினைத்தேன். அதெல்லாம் இல்லை. "உன்னால எனக்கு பேஜாரு" என்று திட்டிவிட்டு, எறும்பு கடித்த கழுத்தைச் சொறிந்துகொண்டு டீக்கடைக்குப் போனான்.

தலைவர் கேட் ஓரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "கிரேன் வண்டி வரவழைங்க. இந்தம்மா கயிறே வேண்டாம்" என்றார். கிரேனே கிளையைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு என் குரல் தேவையில்லை. ஆனால் காற்றுக்குப் பிறகு ஊரெல்லாம் மரம் விழுந்துகிடந்தது, வண்டி கிடைக்கச் சில நாள் ஆகும் என்றார் சூப்பர்வைசர். எனக்கு அந்தச் சில நாள் போதும்.

மஞ்சள் துணி வேண்டாம்

அந்த வரிசையில் ஒரு மரத்தடியில் சரோஜா அக்கா இஸ்திரி வண்டி வைத்திருந்தார். கரி அடுப்புச் சூட்டுக்கு மேலே நிழல் இல்லாவிட்டால் அவருக்குப் பிழைப்பு இல்லை. அவர் ஒரு யோசனை சொன்னார்.

"மஞ்சத் துணி ஒண்ணு சுத்திக் குங்குமம் வெச்சுடலாம்டி. ஒருத்தனும் கைய வெக்கமாட்டான்."

"வேணாங்கா."

"ஏன், ஏசு கோச்சுக்குவாரா?"

"அவர் கோச்சுக்கமாட்டாரு. பொட்டு வெச்சா அடுத்த மாசமே மேடை கட்டுவாங்க. டைல்ஸ் போடுவாங்க. சூலம் அடிப்பாங்க. இப்ப இருக்கற சிமென்ட்டே கழுத்த நெரிக்குது. கும்புட்டே கொன்னுடுவாங்கக்கா."

சரோஜா அக்கா சிரித்துவிட்டார். "அப்ப இன்னா பண்ணப் போற?"

லாரியிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்தேன். அடிமரத்தைச் சுற்றி ஒரு கை அகலத்துக்குச் சிமென்ட்டை உடைத்தேன். உள்ளே மண் வெளுத்து, செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. வேரில் படாமல் குத்திக் கிளறித் தண்ணீர் விட்டேன். தண்ணீர் உடனே உள்ளே போகவில்லை. வெகுநேரம் நின்று, பிறகு மெல்ல இறங்கியது.

தலைவர் ஓடி வந்தார். "யார்ட்ட கேட்டு நடைபாதைய ஒடைக்கிற? போலீஸ்ல சொல்லட்டுமா?"

நான் கடப்பாரையோடு அடுத்த மரத்துக்குப் போனேன். சரோஜா அக்கா இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, உடைந்த சிமென்ட்டைக் கூடையில் வாரினார். "மொதல்ல என்னச் சொல்லு சார். நான்தான் அள்றேன்" என்றார்.

டீ குடித்துவிட்டு வந்த ஏழுமலை இதைப் பார்த்தான். கிளறிய மண்ணைக் குனிந்து தொட்டுப் பார்த்தான். பிறகு ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"மரத்த வெட்டத்தான் கொரலு குடுக்கமாட்ட. பாரத்தக் கழிக்கவாவது குடுப்பியா, மகாராணி?"

"குடுப்பேன்."

கிரேன் வர மூன்று நாள் ஆயிற்று, அதுவரை சும்மா இருப்பதற்கு இது மேல் என்று சூப்பர்வைசரும் விட்டுவிட்டார். அந்த மூன்று நாளும் வரிசை மரங்கள் எல்லாவற்றிலும் ரோட்டுப் பக்கம் நீண்ட கிளைகளை இறக்கினோம். உச்சிப் பாரத்தைக் குறைத்தோம். என் தொண்டை கட்டிப் போயிற்று.

கிரேன் வந்தபோது

கிரேன் வண்டியோடு நகராட்சி என்ஜினியரும் வந்தார். மரங்களைச் சுற்றி நடந்தார். "அதான் கழிச்சாச்சே. எல்லாம் நிக்கட்டும், இந்த வருஷ மழைய பாப்போம்" என்றார். தலைவர் விடவில்லை. கடைசியில் அவர் வாசலுக்கு நேர் எதிரே நின்ற மரத்தை மட்டும் எடுப்பது என்று முடிவாயிற்று.

அது சரோஜா அக்காவின் மரம். கிரேன் அதைத் துண்டு துண்டாகத் தூக்கிக்கொண்டு போனது. அக்கா வண்டியைத் தள்ளி அடுத்த மரத்தடியில் நிறுத்தி, கரியை ஊதினார்.

எனக்குக் கயிறு போயிற்று. சொன்ன பேச்சைக் கேட்காதவள் என்று தண்ணி லாரிக்கு மாற்றிவிட்டார்கள். காலையில் புதுப்பட்டினம் பக்கம் கடலோரக் கன்றுகள், மத்தியானம் இந்தத் தெருக்கள். இந்த வரிசை என் ரூட்டிலேயே வந்தது.

மரம் எடுத்த இடத்தில் ஒரு புங்கங்கன்று வைத்தேன். இரண்டாம் வாரம் யாரோ பிடுங்கிப் போட்டிருந்தார்கள். இன்னொன்று வைத்தேன். அதுவும் போயிற்று. மறுபடி வைக்கும்போது தலைவர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

"திரும்பத் திரும்ப நடறது நீதானா?"

"நான்தான் சார்."

"மறுபடியும் பிடுங்கத்தான் போறேன்."

"புடுங்குங்க சார். அது உங்க இஷ்டம். நட்டுகினே இருக்கறது என் வேல."

அப்போது மட்டும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பெரியவர்கள் முன்னால் வாயடிக்கத் தெரியவில்லையே என்று வருத்தப்படாதீர்கள். எனக்கும் தெரியாது. உங்கள் வேலையில் நீங்கள் இல்லாமல் நடக்காத இடம் ஒன்று இருக்கும். அது எது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தப்பான வேலை வரும்போது அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளுங்கள். திட்டுவார்கள், மாற்றுவார்கள். நிற்கிற மரம் நிற்கும்.

போன வாரம் அந்தத் தெருவுக்குப் போனேன். குழிதான் இருந்தது, கன்று இல்லை. இப்போது தண்ணி லாரி ஓட்டுகிற பாபு வண்டியை நிறுத்தினான். நான் ஹோஸைக் கீழே போட்டுவிட்டு, சீட்டுக்குப் பின்னால் வைத்திருந்த கன்றையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.