ஒரே பதிலுக்கு ஒருவருக்குக் காபி, ஒருவருக்கு மெமோ

1. நாலாம் நம்பர் மெஷின்

நாலாம் நம்பர் மெஷினை ஓட்ட முடியாது என்று எங்கள் கம்பெனியில் ஒரே நாளில் இரண்டு பேர் சொன்னார்கள். ஒருவரை ஆபீசில் உட்கார வைத்துக் காபி கொடுத்துப் பேசினார்கள். இன்னொருவருக்கு மெமோ கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ரிட்டையர் ஆகி வீட்டில் உட்கார்ந்த பிறகும் இதை நினைத்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

எம்.பி.ஏ. படிக்கிற பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். "மேடம், நீங்க ஃபாரின் கம்பெனியில எச்.ஆரா இருந்தீங்களே, ஒரு நாட்டுக் கல்ச்சர் மேனேஜ்மென்ட்ட எப்படி மாத்துதுன்னு சொல்லுங்க" என்கிறார்கள். அவர்கள் கேட்பது வேறு, நான் சொல்லப்போவது வேறு. இருந்தாலும் படிக்கட்டும்.

எங்களுடையது ஒருகாலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரின் மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பிரெஞ்சு முதலாளியின் தொழிற்சாலை. சென்ட் பாட்டில்களுக்குப் பிளாஸ்டிக் மூடி செய்தோம். நான் எச்.ஆர். அப்பா பிடிவாதமாகப் பிரெஞ்சு படிக்க வைத்திருந்ததால் மொழிபெயர்ப்பும் என் தலையில்தான் விழுந்தது. அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது, அது வேறு கதை.

நாலாம் நம்பர் ஒரு பழைய இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷின். மோல்டு, அதாவது அச்சு, இரண்டு பாதியாகத் திறந்ததும் ஆபரேட்டர் பெண் கதவைத் தள்ளி, கையை உள்ளே விட்டு மூடிகளை எடுக்க வேண்டும். கதவு திறந்திருக்கும்வரை மோல்டு சேரக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது ஒரு சின்ன லிமிட் ஸ்விட்ச். அன்று காலை அந்த ஸ்விட்ச் போய்விட்டது. புதியது சென்னையிலிருந்து வர வேண்டும். கன்டெய்னரோ மறுநாள் கிளம்ப வேண்டும்.

எங்கள் பிளான்ட் ஹெட் ரகுநாதன், "ஒரு ஒயரப் போட்டு ஸ்விட்ச்ச பைபாஸ் பண்ணி ஓட்டுங்க, பாத்துக்கலாம்" என்றார்.

முதல் ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஜெரார். அவர் சொன்னார்: "முடியாது சார். பொண்ணுங்க கை உள்ள இருக்கும்போது மோல்டு சேந்துச்சின்னா யாரு பதில் சொல்றது?"

ரகுநாதன் அவரை எங்கள் டைரக்டரிடம் அழைத்துப் போனார். டைரக்டர் பிரான்சிலிருந்து வந்தவர், பெயர் பெர்னார். ஷாப் ஃப்ளோரில் எல்லாருக்கும் அவர் "முசே"தான், பிரெஞ்சில் ஐயா. முசே ஜெராரை உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார், இருவரும் பிரெஞ்சில் வாக்குவாதம் செய்தார்கள். வெளியே வந்த முசேயின் முகத்தில் சந்தோஷம். "நல்ல விவாதம். அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது" என்றார். மெஷின் நின்றபடியே நின்றது.

ரகுநாதன் இரண்டாம் ஷிஃப்டுக்காகக் காத்திருந்தார். அதில் சூப்பர்வைசர் முருகவேல், வில்லியனூர்காரர். ஜெரார் ஷிஃப்ட் மாறும்போது அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.

"இன்னா முருகவேல், ஒயரப் போட்டாச்சு, ஓட்டிடு" என்றார் ரகுநாதன்.

"முடியாது சார். பொண்ணுங்க கை உள்ள இருக்கும்போது மோல்டு சேந்துச்சின்னா யாரு பதில் சொல்றது?"

அதே பதில், சொல்லுக்குச் சொல். குரலை உயர்த்தவில்லை, கையைக்கூட நீட்டவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மறுநாள் முருகவேல் ஷிஃப்டுக்கு வந்தபோது கேட்டிலேயே முசே கையெழுத்திட்ட மெமோ தயாராக இருந்தது: மேலதிகாரிக்குக் கீழ்ப்படியாமை, விசாரணை முடியும்வரை சஸ்பென்ஷன். எங்கள் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி டிஸ்மிஸ் செய்தவரை அடுத்த கம்பெனி கேட்டுக்குள் விடாது. பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த மனிதர் மெமோவை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"படிச்சுட்டு வரேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

2. ஒரே பெஞ்ச், இரண்டு பாஸ்போர்ட்

ஜெரார் யார் என்று சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்கள் பெயரைக் கேட்டு வெள்ளைக்காரர் என்று நினைப்பார்கள். மூலக்குளத்தில் வீடு, என்னைப் போலவே கத்தோலிக்கத் தமிழர். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததால் குடும்பத்துக்கே பிரெஞ்சு நேஷனாலிட்டி. பிரான்சுக்கு ஒருமுறை போய், குளிர் தாங்கவில்லை என்று திரும்பி வந்தவர். முருகவேலும் அவரும் ஒரே பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். அவரவர் அலமாரியில் இருக்கிற பாஸ்போர்ட்டின் நிறம்தான் வேறு. அந்த நிறத்துக்குத்தான் ஒருவருக்குக் காபியும் ஒருவருக்கு மெமோவும். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

முசே கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சொல்ல முடிந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வந்த புதிதில் தினமும் காலையில் ஷாப் ஃப்ளோர் முழுக்க நடந்து, கூட்டுகிற அம்மா வரை ஒவ்வொருவருக்கும் கை கொடுப்பார். அவர்கள் ஊரில் அது வழக்கம். கொடுக்காமல் போனால்தான் அவமரியாதை. மீட்டிங்கில் மேசையைத் தட்டிச் சண்டை போடுவார், பிறகு அதே ஆளோடு சாப்பிடப் போவார். அதுவும் அவர்கள் வழக்கம்தான். நம் பக்கம் வேறு. பெரியவர் வந்தால் எழுந்து நிற்போம், "ஓகே சார்" என்போம், ஓகே இல்லை என்பதை டீக்கடையில் போய்ச் சொல்வோம். இப்படியெல்லாம் வித்தியாசம் இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை.

முசே அந்தக் கை கொடுப்பதை ஏன் நிறுத்தினார் தெரியுமா? ரகுநாதன் சொன்னார்: "சார், எங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் கூடாது. கை குடுத்தா தோள்ல ஏறுவாங்க. அதட்டினாத்தான் வேலை நடக்கும். இது எங்க கல்ச்சர்." மொழிபெயர்த்தது நான். "இது இவருடைய அபிப்பிராயம்" என்று என் பங்குக்கு ஒரு வாக்கியம் சேர்த்தேன். முசே என் வாக்கியத்தை விட்டுவிட்டு அவர் வாக்கியத்தை எடுத்துக்கொண்டார். சில வாரங்களில் நேராக ஆபீசுக்குப் போக ஆரம்பித்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பது இதுதான். நம் கல்ச்சர் இன்னதென்று வெள்ளைக்காரருக்குச் சொல்லிக் கொடுப்பவர் எப்போதும் நம்மில் நாற்காலி உள்ளவர்தான். நிற்கிறவரை யாரும் கேட்பதில்லை.

அதற்கு மேல் ஒரு டிரெய்னிங் வேறு. கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலில், பெங்களூரிலிருந்து வந்த கன்சல்டன்ட் ஒருவர் ஸ்கிரீனில் படம் போட்டார். ஒரு பக்கம் பிரான்ஸ், ஒரு பக்கம் இந்தியா. பிரெஞ்சுக்காரர் எதிர்த்துப் பேசுவார், அது அவருக்கு மரியாதை. இந்தியர் முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்லவே மாட்டார். சொன்னால் உறவை முறித்துக்கொண்டார் என்று பொருள். இந்தியர் எதையும் அட்ஜஸ்ட் செய்துகொள்வார். முசே ஒரு வரி விடாமல் குறித்துக்கொண்டார். நான் பின்வரிசையில் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இது ஒருநாள் ஒரு மனிதரின் வேலைக்கே உலை வைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

3. தமிழில் ஒரு வாக்குமூலம்

மெமோ கொடுத்த அன்றே முசேயிடம் போனேன். "இருவரும் ஒரே பதில்தானே சொன்னார்கள்?" என்று கேட்டேன்.

"வார்த்தை ஒன்றுதான். பொருள் வேறு" என்றார் பொறுமையாக. "ஜெரார் சொன்னது வாதம். முருகவேல் இந்தியர். ஓர் இந்தியர் பலர் முன்னால் 'முடியாது' என்றால் அது பகை. நாம் கற்றுக்கொண்டோமே?"

"உங்கள் ஊர்த் தொழிற்சாலையில் இந்த ஒயரைப் போடுவீர்களா?"

"அங்கே யூனியன் விடாது."

"இங்கே?"

"இங்கே நீங்கள் எல்லாவற்றையும் அட்ஜஸ்ட் செய்துகொள்கிறவர்கள்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. நம்மைப் புகழ்கிறோம் என்று நினைத்துச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நம் பெண்களின் விரலும் அட்ஜஸ்ட்டில் சேர்த்தியா என்று கேட்டேன். அவர் மேசையில் இருந்த ஃபைலைத் திறந்தார். ஊதுகிற சங்கை ஊதினேன், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு எழுந்தேன்.

வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஜெரார் அப்போது கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். பின்னாலேயே ரகுநாதனும் வந்தார். ஜெரார் முசேயிடம் இதுவரை பிரெஞ்சு தவிர வேறு மொழியில் பேசியதில்லை. அன்று என்னைப் பார்த்துத் தமிழில் பேசினார்.

"எனக்கும் ஒரு மெமோ குடுக்கச் சொல்லுங்கக்கா. அவன் சொன்னதத்தான் நானும் சொன்னேன். அவனுக்கு முன்னாடியே சொன்னேன்."

மொழிபெயர்த்தேன். முசே குழம்பிப்போய், ஏன் தமிழில் பேசுகிறீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டார்.

"நான் பிரெஞ்சுல பேசினா அது வாதம்ன்றாரு. தமிழ்ல பேசினா பகைன்றாரு. அதான் தமிழ்லயே பேசறேன். இப்ப நான் பகையாளியா, வாதியா? கேட்டுச் சொல்லுங்க."

ரகுநாதன் குறுக்கே வந்தார். "ஜெரார், நீங்க வேற, அவன் வேற. நீங்க ஏன் இதுல தலையிடறீங்க?"

"எப்படி சார் வேற? எனக்கு 'நீங்க', அவனுக்கு 'அவன்'. அது ஒண்ணுதான் வேற."

இதையும் மொழிபெயர்த்தேன். அந்த 'நீங்க', 'அவன்' வித்தியாசத்தை முசேக்கு விளக்க எனக்குச் சிரமமே இல்லை. அவர்கள் மொழியிலும் அது உண்டு. முசே ரகுநாதனைப் பார்த்தார். ஜெரார் விடவில்லை. மெமோ வந்தால் இருவருக்கும் வர வேண்டும், இல்லாவிட்டால் தன் ஷிஃப்டும் நிற்கும் என்றார். எந்தக் குற்றச்சாட்டின் கீழ் அவருக்கு மெமோ கொடுப்பது என்று முசே என்னைக் கேட்டார். முருகவேலுக்கு எழுதிய அதே குற்றச்சாட்டுத்தான் என்றேன். அதை எழுத அவருக்குக் கை வரவில்லை.

அன்று சாயங்காலமே முருகவேலின் மெமோ வாபஸ் ஆனது. சென்னையிலிருந்து ஸ்விட்ச் வந்தது. கன்டெய்னர் ஒரு நாள் தாமதமாகக் கிளம்பியது. உலகம் அழிந்துவிடவில்லை.

4. முசேயின் பாராட்டு

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். முருகவேல் வேலைக்குத் திரும்பிய அன்று முசே என்னைக் கூப்பிட்டார். முகம் மலர்ந்திருந்தது. "நான் தவறு செய்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன்" என்றார். பரவாயில்லையே என்று நினைத்தேன். அடுத்து சொன்னார்: "முருகவேலை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அவரிடம் ஒரு பிரெஞ்சுக் குணம் இருக்கிறது. அதை அவரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்."

மெமோவைப் பார்த்தபோதுகூட எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. டிரெய்னிங்கில் காட்டிய படத்துக்குள் முருகவேல் அடங்கவில்லை. அப்போதும் படம் தப்பு என்று முசேக்குத் தோன்றவில்லை. ஆளைத் தூக்கிப் படத்தின் பிரான்ஸ் பக்கத்தில் வைத்துவிட்டார். பக்கத்தில் நின்ற ரகுநாதன் "கரெக்ட் சார்" என்று தலையாட்டினார். அவர் தலையாட்டியது முசே பேசியதைவிட எரிச்சலாக இருந்தது.

சொல்லச் சொன்னதால் ஷாப் ஃப்ளோருக்குப் போய் முருகவேலிடம் சொன்னேன். அவர் நாலாம் நம்பரின் கதவைத் திறந்து திறந்து மூடி, புது ஸ்விட்ச்சைச் சோதித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அப்ப பயந்தா தமிழன், பயப்படலன்னா வெள்ளக்காரனாக்கா?"

சொல்லிவிட்டுக் கதவை மறுபடி திறந்தார்.

பிள்ளைகளே, நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான். நாட்டுக்கு நாடு வேலை செய்கிற முறை மாறத்தான் செய்யும். ஆனால் "இந்த ஊர் ஆளுங்க இப்படித்தான்" என்று ஒருவர் உங்களிடம் சொன்னால், அதை அவருக்குச் சொன்னது யார், அதனால் யாருக்கு லாபம் என்று முதலில் கேளுங்கள். அன்று நான் ஆபீசுக்குத் திரும்பிப் போய், முருகவேல் கேட்ட கேள்வியைச் சொல் மாற்றாமல், தேன் தடவாமல் முசேக்கு மொழிபெயர்த்தேன். ரகுநாதனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.