ஒரு பெயருக்கு வேண்டிய இரண்டு பற்கள்

பல் வைத்தியருக்குப் பல்லைக் காட்டிலும் அதைச் சூழ்ந்த ஈறே அதிகக் கவலை தருவது. அதை நாங்கள் முரசு என்போம். துலக்கும்போது இரத்தத்தைக் கண்டு, துப்பிவிட்டு வேலைக்குப் போகும் அன்பர்களே, முதலில் இதை அறிந்துகொள்ளுங்கள்: முரசு நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை; எங்கள் பேச்சில் சொன்னால், கொதிப்பதில்லை. தொடக்கத்தில் பல்லில் படிந்த கல்லைச் சுரண்டினாற் போதும். ஆழ்ந்துவிட்டால் ஊசி போட்டு முரசுக்கு அடியிலும் சுரண்டவேண்டும். அதுவும் போதாவிடின் முரசைத் திறந்து துப்புரவாக்கித் தைப்பார்கள். தாங்கும் எலும்பு கரைந்தபின் பல்லைக் கழற்றுவதே எஞ்சும்.

கொதி

முல்லைத்தீவுக் கரையிலிருந்து றீற்றா அக்கா வந்தபோது, அவருடைய மேல்வாய் முன்பற்கள் இரண்டும் நாக்குப் பட்டாலே அசைந்தன. கணவர் கடலில் இறந்த ஆண்டிலேயே இரத்தம் வரத் தொடங்கியதாம். அப்போதே ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"பல்லுக் கொதிச்சால்தானே டொக்டர், ஆஸ்பத்திரிக்கு வருவினம்? இது சத்தமில்லாமல் ஆடிக்கொண்டெல்லே கிடந்தது."

கல்

கல்லை எடுத்த மறுவாரம் கோபத்துடன் வந்தார். பற்கள் முன்னிலும் அதிகமாக ஆடின. இறுகிய கல்லே அவற்றைச் சேர்த்துப் பிடித்திருந்தது என்றும், அதை விட்டுவைத்தால் எலும்பு இன்னும் கரையும் என்றும் விளக்கினேன். "உங்கட விளக்கத்தை இந்தப் பல்லுக்குச் சொல்லுங்கோ, கேட்டு நிக்கட்டும்" என்றார்.

கோபம் தணிந்தபின் காரணத்தைச் சொன்னார். நவம்பரில், கத்தோலிக்கர் இறந்தோரை நினைக்கும் நாளில், கோயிலில் ஊரவரின் பெயர்களை வாசிப்பவர் அவரே. கணவரின் பெயரும் அவற்றுள் ஒன்று. அதை வாயால் சொல்லாமல் ஒரு கடதாசித் துண்டில் எழுதிக் காட்டினார்: தேவதாஸ்.

"நான் கூப்பிட்டது 'இஞ்சருங்கோ' எண்டுதான். பேர் சொல்லுறது அந்த ஒருநாள், கோயிலிலை மட்டும்."

தகரம்

நாநுனி மேற்பல்லின் அடியைத் தொடும்போதே தகரம் பிறக்கிறது; அந்தப் பெயரில் தகரம் இரண்டு. ஆகவே பற்களைக் காக்க முயன்றேன். ஊசி போட்டு ஆழத்திலும் சுரண்டினேன். ஆடியவற்றை அயற்பற்களோடு மெல்லிய கம்பியால் பிணைத்தேன். முரசைத் திறக்கும் சிகிச்சைக்கு அனுப்பிய இடத்தில், எலும்பு போதாது என்று திருப்பிவிட்டார்கள். வாசிப்பு நாளுக்கு முந்திய வாரம் சீழ் கட்டி முகம் வீங்கியது. இரண்டையும் கழற்றினேன். புண் ஆறிப் பொய்ப்பல் வைக்குமுன் அந்த நாள் வந்துவிட்டது.

பின்னர் வந்தவரிடம், வாசிப்பு எப்படிப் போயிற்று என்று கேட்டேன்.

"அவரின்ர பேர் வரேக்கை எனக்குக் காத்துத்தான் வந்தது. பக்கத்திலை நிண்ட மச்சாள் சொன்னவா. அவவுக்கென்ன டொக்டர், அவவின்ர தம்பி அவர். ஒவ்வொரு நாளும் கூப்பிட்ட பேர்தானே."

பிறகு உறுதியானவை இவை. மற்ற முரசுகளில் இரத்தம் நின்றது. அயற்பற்கள் ஆடவில்லை. பொய்ப்பற்கள் பொருந்தின. அவற்றைப் போட்டுக்கொண்டு, என் அறையில் றீற்றா அக்கா தோணி, தேத்தண்ணி, தங்கச்சி என்று சொல்லிப் பார்த்தார். தகரம் பிழையின்றிப் பிறந்தது. சோதிக்கவேண்டிய ஒரேயொரு சொல்லை மட்டும் அவர் சொல்லமாட்டார் என்பதால், என் சிகிச்சை பலித்ததா என்பதை அறிய நானும் அடுத்த நவம்பர்வரை காத்திருக்கவேண்டியிருக்கிறது.