கேட்காமல் பேசிய ரஹிமா அக்கா

காளவாசல் சிக்னலில் பேருந்து நின்றிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் குழந்தைகள் பயிற்சி மையத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே வரி. ரஹிமா அக்கா இறந்துவிட்டார், மாரடைப்பு. முந்தைய மாலைதான், "காலைல வாரேன், ஜன்னலச் சாத்திட்டுப் போ" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனவர். நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அன்று முதல் மனம் எதிலும் நிலைகொள்ளவில்லை. பிள்ளைகளை அவரிடம் அழைத்து வந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

பேசத் தாமதமாகும் குழந்தைகளோடு எங்கள் வேலை. அக்காவின் அறையில் குழந்தையிடம் யாரும் 'சொல்லு' என்று சொல்லவோ கேள்வி கேட்கவோ கூடாது. நம் வீடுகளில் விருந்தாளி வந்தால் போதும். மாமாவுக்கு ரைம்ஸ் சொல்லு, அத்தைக்கு டாட்டா சொல்லு என்று தொடங்கிவிடுவோம். "பாவம், அதுக டெய்லி இன்டர்வியூ குடுக்குதுக" என்பார் அக்கா.

ஐந்து வயது யாழினி ஒரு சொல்கூடப் பேசியதில்லை. அவள் அப்பா முருகேசன் ஆனையூரில் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறார். அக்காவின் இந்தக் கட்டுப்பாட்டைக் கேட்டுப் போனவர் மறுவாரம் பெருமையோடு வந்தார்.

"மேடம், வீட்ல ஒருத்தரும் புள்ளகிட்ட வாயத் தொறக்கல. பக்கத்து வீட்லயும் சொல்லி வச்சிட்டேன்."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "அண்ணே, கேள்வி கேக்காதீகன்னுதான சொன்னேன்? பேசவே வேணாம்னா சொன்னேன்?"

"கேக்காம புள்ளைககிட்ட எப்படி மேடம் பேசுறது?"

அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. நான் என் வீட்டை நினைத்துக்கொண்டேன். சாப்பிட்டாயா, படித்தாயா, எங்கே போகிறாய். இவற்றைத் தாண்டி என்னிடம் யாரும் பேசிய நினைவு வரவில்லை.

மறுநாள் அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு பட்டறைக்கே போனார். மகளை அருகில் உட்கார வைத்து, செய்கிற வேலையை அப்படியே வாயால் சொல்லும்படி முருகேசனிடம் சொன்னார்.

"இந்தா, அப்பா வீலக் கழட்டுறேன். ஆத்தாடி, எம்புட்டு அழுக்கு!"

டீ வாங்கி வந்த நண்பர் சிரித்தார். "நம்மள ஏசுற வாயா மாப்ள இது? இம்புட்டுப் பணிவா வருது."

"போய்யா. எம் மககிட்டப் பேசுறேன்."

யாழினி நிமிரவில்லை. எழுந்து போகவும் இல்லை. "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா. நம்ம அவசரம் அவளுக்கு எதுக்கு?" என்றார் அக்கா என் காதில்.

நல்லடக்கம் முடிந்த மறுவாரம் முருகேசன் மகளோடு வந்தார். அவள் இன்னும் பேசவில்லை.

"புள்ள பேசிருமா மேடம்? நீங்களாச்சும் சொல்லுங்க."

பேசிவிடுவாள் என்பது நாக்கு நுனிவரை வந்தது. "தெரியலண்ணே" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. நான் யாழினியின் அருகே தரையில் அமர்ந்து, விளையாட்டுக் கட்டைகளை அடுக்கிக்கொண்டே அடுக்குவதைச் சொல்லத் தொடங்கினேன். அதிகம் பேசிப் பழகாதவள் நான். சீக்கிரமே சொற்கள் தீர்ந்துபோயின. பிறகு முருகேசன் கீழே உட்கார்ந்தார். "அப்பா பச்சக் கட்டைய மேல வைக்கிறேன்" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

யாழினி பேசுவாளா என்ற பதைப்பு எனக்குள் ஓயவில்லை. அதை அவள்மேல் இறக்கி வைக்காமல் அவளோடு பேசிக்கொண்டிருப்பது, இதுதான் ரஹிமா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது.