கையெடுக்காமல் வரைந்த தீவுகள்

போர்ட் பிளேரில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதில்லை. "மெயின்லேண்ட் எப்போ?" என்றுதான் கேட்கிறார்கள், கடல் தாண்டி ஊருக்கு எப்போது போகிறாய் என்று அர்த்தம். மீன் வாங்கப் போனால் மீன்காரம்மா கேட்பாள். முடிவெட்டப் போனால் கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு கடைக்காரர் கேட்பார். போன வாரம்தான் போய்விட்டு வந்தேன் என்றாலும் விடமாட்டார்கள், "அடுத்து எப்போ?" என்பார்கள். ஊரில் இதற்கு நேர்மாறு. கோவில்பட்டியில் பெட்டியை இறக்கி வைப்பதற்குள் "என்னைக்குத் திரும்பணும்?" என்று கேட்டுவிடுவார்கள். என் மச்சினர் படித்தவர், வங்கியில் வேலை பார்த்தவர். அந்தமானுக்கு விசா வேண்டுமா என்று இன்றுவரை கேட்கிறார். பதில் சொல்லி அலுத்துப்போய், "வேண்டும், ஆனால் உங்களுக்குத் தரமாட்டார்கள்" என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன்.

நான் இங்கே அரசுப் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். மின்னி பே பகுதியில் குவார்ட்டர்ஸ். எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதான்: தாளில் வைத்த பேனாவை எடுக்காமல் ஒரே கோட்டில் படம் வரைவது. மூக்கில் தொடங்கும் கோடு கண்ணுக்கு ஏறி, காதைச் சுற்றி, தாடை வழியாக இறங்கித் தோளில் முடியும். நடுவில் கையெடுத்துவிட்டால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து வரைவேன். "நூல்கண்டு அவிழ்ந்து கெடக்குற மாதிரி இருக்கே, மாப்ள" என்றார் மேற்படி மச்சினர். என்னோடு வேலை பார்க்கும் கணக்கு வாத்தியார், தன் பேத்தி இதைவிட நன்றாகக் கிறுக்குவாள் என்றார். இதே ஆட்கள் ஹாவ்லாக் தீவுக்குச் சுற்றுலா போனால், கம்ப்யூட்டர் போட்டுக்கொடுத்த ஒற்றைக்கோட்டு ஆமையை டீ ஷர்ட்டில் வாங்கி மாட்டிக்கொண்டு ஆகா ஓகோ என்பார்கள்.

இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வேலையில் சேர முதன்முதலாகக் கப்பலில் வந்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. கீழ்த்தளத்தில், அடுக்குப் படுக்கைகள் போட்ட பங்க் கிளாஸில் குடலைப் பிடுங்கும் வாந்தி. தாங்காமல் டெக்குக்கு ஏறி வந்து, மனதைத் திருப்புவதற்காக எதிரில் தூங்கிக்கொண்டிருந்தவரை வரைய உட்கார்ந்தேன். கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் பென்சிலைத் தூக்கினால் அது வேறெங்கோ போய் விழுந்தது. கண்ணுக்கென்று வைத்த புள்ளி கன்னத்தில் மருவாக உட்கார்ந்தது. எடுக்காமல் இழுத்தபோது மட்டும் முகம் முகமாக நின்றது. என் கலை பிறந்த கதை இவ்வளவுதான். இதில் தியானம், தத்துவம் என்றெல்லாம் தேடுகிறவர்கள் ஒருமுறை பங்க் கிளாஸில் வந்து பார்க்கட்டும்.

இந்தப் பொங்கலுக்கு எங்கள் தமிழர் அமைப்பின் செயலாளருக்கு ஓர் ஆசை வந்தது. மதுரைக்காரர், கட்டட ஒப்பந்தக்காரர், மைக்கைக் கையில் கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது. "சார், நம்ம மண்டபத்து மேடைச் சுவத்துல அந்தமான் நிக்கோபார் மேப்ப ஒரே கோட்டுல போடுறீங்க. விழா அன்னைக்கு எல்லாரும் பாக்கவே போடுறீங்க. சென்னை ஹார்பர்ல ஆரம்பிச்சு சென்னையிலயே முடியணும். எப்பிடி?" என்றார். சுவரைப் பார்த்தேன். நீளம் ஏகப்பட்டது, உயரம் போதாது. தீவுகளோ வடக்கு தெற்காக நிற்பவை. "படுக்கப் போட்டுருங்க சார்" என்றார். வடக்கை இடப்பக்கம் வைத்துப் படுக்கப்போட்டால் சென்னை அடியில் வந்தது. தாய்மண்ணைக் காலடியில் போடுவதா என்று கமிட்டி கொதித்தது. சரியென்று வடக்கை வலப்பக்கம் திருப்பினேன். சென்னை உச்சிக்குப் போய்விட்டது, தீவுகள் அதற்குக் கீழே வரிசையாகக் கிடந்தன. கமிட்டிக்குப் பரம திருப்தி. திசைகளைப் பற்றி அவர்களுக்கு என்ன கவலை?

தீவுகளைக் கையெடுக்காமல் வரைய முடியாது என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. தீவு என்றாலே நாலு பக்கமும் தண்ணீர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக, கோடு கடலில் இறங்கித்தான் ஆக வேண்டும். அதனால் ஒரு வழி செய்தேன். சென்னையிலிருந்து வந்து வடக்கே திக்லிபூரைத் தொட்டு, கிழக்குக் கரையோரமாகவே தெற்கே கேம்பல் பே வரை போய், அங்கே திரும்பி, மேற்குக் கரையோரமாக வந்து, மறுபடி கடலைத் தாண்டிச் சென்னையில் சேர்வது. வாசலில் உட்கார்ந்து இதைத் தாளில் வரைந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, திக்லிபூரிலிருந்து பாக்கு விற்க வரும் பெங்காலிக்காரர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "மாஸ்டர் ஜி, யே புல் கப் பனேகா?" என்றார். பாலம் எப்போது கட்டுவார்கள் என்று கேட்கிறார்! இது வெறும் படம் என்று என் ஓட்டை ஹிந்தியில் விளக்கினேன். அவர் கண்ணைச் சிமிட்டினார். சர்க்கார் ரகசியம் என்று எடுத்துக்கொண்டார் போல. கோடு தன் தோப்பில் விழுகிறதா என்று விரலால் அளந்து பார்த்துவிட்டு, சற்றுத் தள்ளிப் போடும்படி கேட்டுக்கொண்டு, ஒரு பை பாக்கை என் காலடியில் வைத்துவிட்டுப் போனார். என் வாழ்நாளில் வாங்கிய ஒரே லஞ்சம் அது.

கேம்பல் பேயில் என் மகள் கயல் நர்ஸாக இருக்கிறாள். இங்கேயே பிறந்தவள். வரும் மே மாதம் எனக்கு ரிட்டயர்மென்ட், குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். கோவில்பட்டியில் வீடு கட்டி வைத்திருக்கிறேன். மாடியில் அவளுக்கென்று ஓர் அறை, அவளுக்குப் பிடிக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்ட நீல வர்ணம். வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்துவிடுவாள் என்று, அவளைக் கேட்காமலே ஊரெல்லாம் சொல்லியும் வைத்திருந்தேன். பொங்கல் லீவுக்கு வந்தவள் இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்து விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"நான் மெயின்லேண்ட் வரலப்பா."

"வராம? இங்க நமக்கு யாரு இருக்கா?"

"அரே, உங்களுக்கு இல்லன்னு சொல்லுங்க. எனக்கு எல்லாரும் இங்கதான். ஊர்ல என்னை எல்லாரும் அந்தமான்காரின்னுதானே சொல்றாங்க? சஹி மே, நிஜமாவே நான் அந்தமான்காரிதான்."

"முப்பது வருசம் இந்த உப்புக்காத்துல கெடந்து அந்த வீட்டைக் கட்டினது எதுக்கு?"

"எதுக்குப்பா?" என்று அவள் நிஜமாகவே கேட்டாள்.

"கட்டும்போது எங்களக் கேட்டீங்களா?" என்று என் மனைவி அடுப்படியிலிருந்து எடுத்துக்கொடுத்தாள். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். கேம்பல் பேவுக்குக் கப்பல் சொன்ன நாளில் கிளம்பாது. அவளுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு நான் கோவில்பட்டியிலிருந்து புறப்பட்டால், அவள் குணமாகி டியூட்டிக்குப் போன பிறகுதான் போய்ச் சேருவேன். காய்ச்சலைவிடப் பெரிதாக ஏதாவது என்றால்? இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே விழா. பிரஷ்ஷில் வரைந்தால் பெயின்ட் தொடுவதற்காகக் கையெடுக்க வேண்டிவரும். அதனால் நுனியில் ஸ்பாஞ்ச் வைத்த ஷூ பாலிஷ் பாட்டில் ஒன்றைக் கழுவி, கறுப்பு பெயின்டை நீர்க்கக் கரைத்து நிரப்பியிருந்தேன். லேசாக அழுத்தினால் போதும், வந்துகொண்டே இருக்கும். செயலாளர் மைக்கில் கிரிக்கெட் வர்ணனை தொடங்கினார். "இதோ திக்லிபூர்! இதோ நம்ம போர்ட் பிளேர்!" சுவரின் இடது கோடியில் கேம்பல் பே வந்தபோது, கயல் மேடைக்குக் கீழே வந்து நின்றாள். காலையிலிருந்து நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

"இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்கப்பா" என்றாள். "அதுக்கு அப்புறமும் தீவு இருக்கு."

சுவர் முடிகிற இடம்வரை போனேன். அங்கே திரும்பி, மேற்குக் கரையோரமாக வந்து, வலக்கோடியில் தீவுகள் முடிந்ததும் சென்னையை நோக்கி மேலே ஏறினேன். பாதிக் கடலில் கை நின்றுவிட்டது.

"அவ்ளோதான் சார், சென்னையில சேத்துருங்க!" என்றது மைக். கூட்டம் கைதட்டத் தயாராகிவிட்டது. சென்னை ஒரு முழம் தள்ளி இருந்தது. சுவரில் போடும் ஒரு கோட்டுக்கு அர்த்தம் கற்பிக்கிறவர்களை ஆயுசெல்லாம் கேலி செய்தவன் நான். ஆனாலும் அதைச் சேர்த்துவிட்டால் அவளை இங்கே விட்டுவிட்டுப் போவது முடிவாகிவிடும் என்று அந்த நேரத்தில் தோன்றியது. கை மேலே போகவில்லை. கீழே தீவுகள் பக்கம் திருப்பவும் மனம் வரவில்லை, கோவில்பட்டி வீட்டின் ஒவ்வொரு செங்கல்லும் எனக்குத் தெரியும். ஸ்பாஞ்சிலிருந்து பெயின்ட் ஊறி, சுவரில் வழிந்து, தீவுகளை நோக்கி இறங்கத் தொடங்கியது.

கயல் மேடையேறி வந்து, என் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள்.

"கையை எடுத்துருங்கப்பா" என்றாள். "பரவால்ல."

நான் எடுக்கவில்லை. பாட்டிலில் இருந்ததெல்லாம் வழிந்து தீரும்வரை, பாதிக் கடலில் கையை ஊன்றியபடி நின்றுகொண்டிருந்தேன்.