முகமூடிக்காரன் பேசிய தமிழ்

என் தாய்மாமாவுக்கு ஜப்பான் பாஷை தெரியும் என்று மூன்றாம் வகுப்பில் நான் சத்தியமாக நம்பினேன். கஞ்சிக்கோட்டில் அவர் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு ஜப்பான் மெஷின் இருந்தது. அதோடு தினமும் மல்லுக்கட்டுகிறவருக்கு அந்த ஊர்ப் பேச்சு வராமல் போகுமா? அப்படித்தான் அவர் சொன்னார், நானும் தலையாட்டினேன்.

அவர் செல்போனில் ஜப்பான் கார்ட்டூன் ஒன்று இருந்தது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மாய உலகத்தில் ஒரு பையன் மாட்டிக்கொள்கிறான். வெளியே வர வேண்டுமென்றால் சீட்டாடி ஜெயிக்க வேண்டும். சீட்டைக் கீழே வைத்தால் அதிலிருந்து டிராகனும் பூதமும் எழுந்து வரும். அடியில் ஓடும் இங்கிலீஷ் எழுத்தைப் படிக்க எனக்கு வேகம் போதாது. மாமா அந்தப் பக்கமே பார்க்க மாட்டார். எல்லோருக்கும் அவரே பேசுவார், அதுவும் எங்கள் கொழிஞ்சாம்பாறைத் தமிழில். வில்லன்கூட, "இந்தச் சீட்டோட உங்க உசுரு போச்சுங்க" என்று மரியாதை குறையாமல்தான் மிரட்டுவான்.

ஒரு நாள் மத்தியானம் அம்மாவுக்கு, பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கும்போதே வலி வந்துவிட்டது. அப்பா கார் பிடித்துப் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். என்னைப் பார்த்துக்கொள்ள மாமா வீட்டில் இருந்தார். கார் கிளம்பும்போது அப்பா அவரிடம், "ரெண்டு உசுரு, மாப்ள" என்று சொன்னது என் காதில் விழுந்துவிட்டது.

மூக்கு ஒழுக அழுதுகொண்டிருந்த என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு மாமா போனைத் திறந்தார். நான் மனசுக்குள் பந்தயம் கட்டினேன். இந்தப் பையன் பிழைத்தால் அம்மா வந்துவிடுவாள்.

பையன் தோற்றுக்கொண்டிருந்தான். இன்னும் ஒரே ஒரு அடி, அவ்வளவுதான், ஆள் காலி. அப்போது வானம் கதவு மாதிரித் திறந்தது. வெள்ளை அங்கியும் முகமூடியுமாக ஒருவன் இறங்கி வந்து, தன் சீட்டுக்கட்டோடு பையன் பக்கத்தில் நின்றான். பூதங்கள்கூடப் பின்வாங்கின. அவ்வளவு அழகான ஒன்றை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

"இவன் ஆருங் மாமா?"

"தெரியலியே அம்மிணி. ஆனா நம்மாளுதான்."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. படம் மறைந்து அப்பாவின் பெயர் வந்தது. "சித்த இரு" என்று மாமா வாசலுக்குப் போனார். நான் கண்ணை மூடிக்கொண்டு முகமூடிக்காரனைக் கும்பிட்டபடி உட்கார்ந்திருந்தேன். மாமா திரும்பி வர நேரமாயிற்று. முகம் கழுவியிருந்தார்.

"அம்மா வந்துருமுங்ளா மாமா?"

"வந்துரும் அம்மிணி. மொதல்ல இதப் பாரு."

படம் மறுபடி ஓடியது. டிராகன் கக்கிய நெருப்பை முகமூடிக்காரன் குறுக்கே பாய்ந்து தன் மேல் வாங்கிக்கொண்டான். பையன் பிழைத்தான். காப்பாற்றியவனோ காலிலிருந்து ஒளியாகக் கரைந்து மேலே போனான். போகும்போது திரும்பி ஏதோ சொன்னான். மாமாவுக்கு உடனே தமிழ் வரவில்லை.

"நான் போறனுங்க அக்கா. அம்மாவ உங்ககிட்ட உட்டுட்டுப் போறனுங்க. அழுவக் கூடாதுங்க."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "பையனப் போயி அக்காங்கறான் மாமா."

"ஜப்பான்ல அப்படித்தான் கூப்புடுவாங்க" என்று மாமா என் தலையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டார். அவர் நெஞ்சு குலுங்கியது. அவரும் சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

பந்தயம் பலித்தது. சில நாளில் அம்மா வந்தாள், கையில் பாப்பா இல்லாமல். பாப்பா சாமிகிட்டப் போய்விட்டது என்றார்கள். அம்மா வந்ததே எனக்குப் போதுமாக இருந்தது. தம்பியா தங்கச்சியா என்றுகூட நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் குழந்தை பிறக்கவும் இல்லை.

போன வருஷம் ஹாஸ்டலில் ஒருத்தி அதே படத்தைப் போட்டாள். இப்போது அடியில் ஓடும் எழுத்தை என்னால் படிக்க முடிகிறது. கரைந்து போகும் அந்த இடத்தில் முகமூடிக்காரன், "உன் முறை, சீட்டை எடு" என்று மட்டும்தான் சொல்கிறான். அக்காவும் இல்லை, அம்மாவும் இல்லை. அதெல்லாம் அப்பாவின் போனைக் கேட்டுவிட்டு வந்த மாமா சேர்த்துச் சொன்னது.

என்னை அக்கா என்று கூப்பிட வந்தவன் அவன் ஒருவன்தான். அவனைப் பார்த்துத்தான் அன்றைக்கு நான் அப்படிச் சிரித்திருக்கிறேன்.