ஜெயவேல் வைத்த காவல்

வியாசர்பாடி ஜெயவேல் தன் நிழலையே நம்பாதவன். டோல்கேட் பக்கம் ஒரு சுரங்கக் கம்பெனி ஆபீஸில், தாதுக் கணக்குப் போடும் கம்ப்யூட்டர் அவன் பொறுப்பு. அதன் பாஸ்வேர்டைப் பெண்டாட்டிக்குக்கூடச் சொன்னதில்லை.

இரும்புத்தாதுவில் இரும்பு ஏறினால் சிலிக்கா இறங்கும். இப்படிப் பின்னிக் கிடக்கும் இரண்டையும் சாஃப்ட்வேர் ஒரு சூத்திரத்தால் சம்பந்தமில்லாத எண்களாகப் பிரிக்கும். சுரங்கத்தில் எந்த இடத்தில் எது எவ்வளவு இருக்கும் என்று தனித்தனியே கணித்தபின், அதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டுச் சேர்த்துவிடும்.

"தோஸ்துங்கள பிரிச்சி வெச்சா, திரும்பி வந்து ஒரே பேச்சா பேசுவானுங்க?" என்று ஜெயவேல் அதையும் சந்தேகப்பட்டான். சரிபார்ப்பதற்கென்று, தான் நம்பிய தாது மாதிரிகளை மட்டும் வைத்து ரகசியமாக அதே கம்ப்யூட்டரில் இன்னொரு சூத்திரமும் தயாரித்து வைத்துக்கொண்டான்.

கடைசியில் விடை வந்தது. ஓரிடத்தில் இரும்பும் சிலிக்காவும் சேர்ந்து நூறு சதவீதத்தைத் தாண்டி நின்றன!

"எவனோ என் சிஸ்டத்துல கை வெச்சிகீறான்!" என்று பக்கத்து சீட்டு வேம்புவை முறைத்தான்.

வேம்பு எழுந்து வந்து திரையைப் பார்த்தான். "பிரிச்சது ஒரு சூத்திரம், சேத்தது வேற சூத்திரம், மாமு."

"அதான் கேக்குறேன், மாத்துனது எவன்?"

"பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான்."

சொன்னவன் திரையில் தெரிந்த தன் முகத்தையே சந்தேகமாகப் பார்த்தான். அன்றே பாஸ்வேர்டை மாற்றிவிட்டான்.