பத்தாயிரத்து ஏழு

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனாவின் கேட் டோக்கன் நம்பர் பத்தாயிரத்து ஏழு. கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் அவர் காண்ட்ராக்ட் ஆள். நான் ஏழாவது படித்தபோது அந்த நம்பரைப் பிடித்துக்கொண்டேன். பள்ளியில் அப்போதுதான் பகா எண் நடத்தியிருந்தார்கள். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதற்கும் வகுபடாத எண். கணக்கில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று பகா எண்களாகவே எடுத்து வகுத்துக்கொண்டு போனேன். நூறைத் தாண்ட வேண்டியதில்லை. நூற்றொன்றை நூற்றொன்றால் பெருக்கினாலே அந்த நம்பரைவிடப் பெரிதாகிவிடும். கடைசியாகத் தொண்ணூற்றேழு, அதிலும் பதினாறு மிஞ்சியது. உன் நம்பரை யாராலும் உடைக்க முடியாது என்று நைனாவிடம் சொன்னேன். அவர் அதைக் கம்பெனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் நைனா காய்ச்சலில் படுத்தார். ஒருவர் போக முடியாவிட்டால் அவர் டோக்கனில் வீட்டிலிருந்து இன்னொருவர் போய் நிற்பது அங்கே வழக்கம். சூப்பர்வைசரும் கண்டுகொள்ள மாட்டார், அவருக்கு ஆள் கணக்கு சரியாயிருந்தால் போதும். வேலையில்லாமல் இருந்த சித்தப்பா, தான் போவதாகச் சொன்னார். சித்திக்கு மனசில்லை. உலைப் பக்கம் சித்தப்பாவுக்குப் பழக்கமே கிடையாது.

"உடையாத நம்பராம், கொழந்தையே சொல்லிக்கீது. நீ இன்னாத்துக்கு பயந்துகினு கீறே?" என்று சிரித்தபடி டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மத்தியானம் உலை வெடித்தது. சத்தம் எங்கள் தெருவரை கேட்டது. நைனா போர்வையோடு ஓடினார். பின்னாலேயே சித்தியும் நானும். கேட்டைச் சாத்திவிட்டிருந்தார்கள். சித்தி என் கையை விடவேயில்லை. நல்லாப் போட்டுப் பார்த்தியா கண்ணு, எதுலயுமே போகலியா என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். எதுலயும் போகாது சித்தி, எல்லாத்துலயும் மீதி வருது என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொன்னேன். எனக்குக் கொஞ்சம்கூடப் பயமில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

சாயங்காலம் ஒருவர் தாளோடு வந்து, இறந்தவர்களின் நம்பரையும் பெயரையும் படித்தார். பத்தாயிரத்து ஏழு என்றார். அடுத்து நைனாவின் பெயரைப் படித்தார். நைனா என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். சித்தி என் கையை விட்டாள்.

சித்தப்பாவை அடக்கம் பண்ணிய மறுநாள், நோட்டை எடுத்து முதலிலிருந்து வகுக்க ஆரம்பித்தேன். எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். ஒரு தப்பும் அகப்படவில்லை. நைனா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னா வருது?" என்று கேட்டார்.

"கணக்கு சரிதான் நைனா. உன் நம்பருக்கு ஒண்ணும் ஆவலை."

அவர் தலையிலடித்துக்கொண்டு அழுதார். என் கணக்கை அவர் நம்பவில்லை என்று எனக்கு வருத்தமாகிவிட்டது. அழுதுகொண்டிருந்தவரின் எதிரிலேயே நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, மறுபடியும் இரண்டிலிருந்து வகுக்கத் தொடங்கினேன்.